மண்ணுக்குக் கீழே இருபது

கடலை விடத் தாழ்ந்த ஃபிரீஸ்லாந்தில்
வாய்க்கால் தண்ணீரைத் தரையிலிருந்து கீழ்நோக்கி அளப்போம்.
அறுபது என்றால் வயல் காய்கிறது.
இருபது என்றால் காலடியில் சளக் என்கிறது.
நடுவே நாற்பது சென்டிமீட்டர், இரண்டு சாண்.
அதற்குள் ஒன்பது வருடச் சண்டை.

மதகுப் பலகையைப் போடுவதும் எடுப்பதும் என் வேலை.
என் பெயர் இரண்டு பக்கமும் மறந்துபோய்
'வாரியம்' என்றே கூப்பிடுகிறார்கள்.
"வாரியம், நேற்று தூங்கினாயா?" என்பான் ஹில்கே,
நூற்றுப்பத்து மாடுகளுக்கும் ஒரு வங்கிக்கும் சொந்தக்காரன்.
"வாரியம், குஞ்சு செத்துக் கிடக்கிறது" என்பாள் பௌக்யே.
கருவால் மூக்கனின் நீண்ட அலகு
ஈர மண்ணில்தான் இறங்கும்,
காய்ந்த மண் அதற்குப் பூட்டிய கதவு.

ஒரு மார்ச் இரவு யாரோ பலகையைப் பிடுங்கிவிட்டார்கள்.
விடியும்போது வாய்க்கால் சேறு,
சேற்றில் விலாங்குகள், துணி பிழிவதைப் போல் முறுக்கிக்கொண்டு.
பழி யார் மேல் என்று கேட்கவே வேண்டாம்.
மண்டபத்தில் கூட்டம் போட்டோம்.
காபி ஆறியது, கோபம் ஆறவில்லை.
மூன்றாவது கூட்டத்தில் நாற்காலி உடைந்தது,
உட்கார்ந்த கனத்தில்தான், வேறு ஒன்றுமில்லை.
ஆனால் செய்தித்தாள் நம்பவில்லை.

மாடு காத்திருக்காது என்பதால்
பேச்சைக் கறவைக் கொட்டிலுக்குக் கொண்டுபோனேன்.
காலை ஐந்து மணி. இயந்திரம் உஸ், உஸ் என்று மூச்சுவிட
பௌக்யே ரப்பர் காலணியில் ஓரமாக நின்றாள்.
நான் வரைபடத்தை விரிக்குமுன்
ஹில்கே எங்களை வாசலுக்கு அழைத்துப்போய்
படிகளைக் காட்டினான். மூன்று.
"என் அப்பா கட்டியபோது படியே கிடையாது.
கொட்டகை கட்டைகளின் மேல் நிற்கிறது.
நிலம்தான் கீழே போய்விட்டது."
தண்ணீர் வடிந்தால் மக்குமண் காற்றைக் குடித்துக் கரைந்துபோகும்.
சாண் ஏறினால் முழம் சறுக்குவதைக் கேட்டிருக்கிறோம்,
இங்கே ஏறவே இல்லை, சறுக்கல் மட்டும்.
"தெரிந்துமா வடித்தாய்?" என்றாள் அவள்.
"நிலம் வருடத்துக்கு ஒரு சென்டிமீட்டர் போகிறது,
தவணை மாதத்துக்கு ஒருமுறை வருகிறது."

அவள் வெகுநேரம் பேசவில்லை.
பிறகு தன் நோட்டைத் திறந்து,
யாருக்கும் காட்டாத ஒரு பக்கத்தை அவனிடம் நீட்டினாள்.
காப்பகத்துக்குள்ளேயே, தண்ணீர் நிறைந்த நிலத்தில்,
போன வருடம் பதினொரு கூடு, இந்த வருடம் நாலு.
மேய ஆளில்லாமல் கோரை இடுப்புவரை ஏறிவிட்டது.
பறவைக்குத் தண்ணீர் போதாது,
மாட்டின் வாயும் வேண்டும்.

ஹில்கே சிரித்தான் என்று எழுத ஆசை.
அவன் மடியைத் துடைத்துக்கொண்டிருந்தான்.
"எத்தனை மாடு?" என்று மட்டும் கேட்டான்.

தாழ்ந்த நாலு வயலில் ஜூன் பாதிவரை இருபது,
சாலையோரத்தில் அறுபது.
குறைகிற புல்லுக்கு வாரியம் பணம் தரும்.
குஞ்சு பறந்த பின் கிடேரிகள் காப்பகத்துக்குள் போகும்.
பலகைக்கு இரண்டு பூட்டு, இரண்டு வீட்டில் இரண்டு சாவி.
கீழ்வாய்க்கால் ஊனே இன்னும் கையெழுத்துப் போடவில்லை,
உருளைக்கிழங்கு அழுகினால் யார் தருவது என்கிறான்.
நியாயம்தான். என்னிடம் பதில் இல்லை.

ஏப்ரல். இரவு பத்து மணி. கழியில் இருபத்து மூன்று.
கூப்பிட்டேன், இருவரும் வந்தார்கள்.
அவள் டார்ச் பிடிக்க, அவன் வசை பாடியபடியே
இன்னொரு பலகையை இறக்கினான்.
பகலில் அவன் டிராக்டர் சிக்கிய தடம்
தண்ணீர் கட்டி மின்னிக்கொண்டிருந்தது,
அதன் விளிம்பில் எதுவோ, இருட்டில், அலகால் துழாவியது.
மூவரும் பார்த்தோம். யாரும் பெயர் சொல்லவில்லை.

பதிவேட்டில் இருபது என்று எழுதினேன்.
குறிப்புகளுக்கான கட்டத்தில் ஒன்றும் எழுதவில்லை.